அணி என்பது அழகுக்காக மட்டும்தானா? – இலக்கியக் கலைச்சொற்கள் குறித்து ஒரு சிந்தனை



தேர்வுக் காலம் நெருங்கினால் நம் பிள்ளைகள் உரக்கப் படிப்பதைக் கேட்கலாம். உவமை அணி என்றால் என்ன, உருவக அணி என்றால் என்ன, பிறிது மொழிதல் அணி என்றால் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கணம், ஒரு சான்று, ஓர் அணிப் பொருத்தம் என மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வு முடிந்ததும் மறந்தும் விடுகிறார்கள். இலக்கியத்தை மட்டுமல்ல, பேசுகிற மனிதரைப் புரிந்துகொள்ளவும் அவை உதவுகின்றன என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

ஒருவர் சொன்னதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்வதா, உவமையாக எடுத்துக்கொள்வதா, மிகைப்படுத்திச் சொன்னதாகக் கொள்வதா, கேலியாகக் கொள்வதா? இதில் தவறினால் குடும்பத்தில் சண்டை வரும். மறைநூலைப் படிக்கும்போது தவறினால் வாழ்க்கையே திசைமாறும். எனவே இந்தக் கலைச்சொற்களில் சிலவற்றை நாம் வாழும் இந்தக் கடற்கரையில் நின்றுகொண்டே புரிந்துகொள்ள முயல்வோம்.

நம் மண்ணில் வளர்ந்த அறிவு

தமிழர் இந்தக் கலைச்சொற்களை வேறெங்கோ இருந்து இரவல் வாங்கித் தொடங்கவில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் உவமவியல் என்று தனி இயலே உண்டு. பின்னர் தண்டியலங்காரம் வடமொழி அணி நூலைத் தழுவி எழுந்தது. அது 35 பொருளணிகளை விளக்குகிறது. இத்தாலியிலிருந்து வந்து, நம் மாவட்டத்துக் காமநாயக்கன்பட்டியிலும் பணியாற்றிய வீரமாமுனிவர் 1730-இல் தொன்னூல் விளக்கம் என்ற இலக்கண நூலை எழுதினார். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்ற ஐந்தையும் அந்த ஒரே நூலில் விளக்கினார்.

அவருக்கு முன்பே, சாகுபுரத்திற்கு அருகிலுள்ள புன்னைக்காயலில் பணியாற்றிய அன்றீக்கே அன்றீக்கஸ் அடிகளார் தமிழைக் கற்று, தமிழ் எழுத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் என்ற நூலை 1578-இல் கொல்லத்தில் வெளிவரச் செய்தார். அயல்நாட்டிலிருந்து வந்தவர்கள் ஏன் இத்தனை பாடுபட்டார்கள்? சொற்களின் பொருளை மட்டும் தெரிந்துகொண்டால் மக்களின் மனத்தைத் தொட முடியாது, அவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்பதையும் அறிய வேண்டும் என்பதை உணர்ந்திருந்தார்கள்.

உவமையும் உருவகமும்

உவமையில் நான்கு கூறுகள் உண்டு. எதைப் பற்றிச் சொல்கிறோமோ அது உவமேயம். எதோடு ஒப்பிடுகிறோமோ அது உவமானம். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது பொதுத்தன்மை. போல, புரைய, அன்ன என இணைத்து நிற்கும் சொல் உவம உருபு. 'பாத்தியில் பூத்த உப்பைப் போல வெண்மையான மல்லிகை' என்றால், மல்லிகை உவமேயம், உப்பு உவமானம், வெண்மை பொதுத்தன்மை, போல என்பது உருபு. 'போல' என்பதை நீக்கி இரண்டையும் ஒன்றாகவே ஆக்கிச் சொன்னால் அது உருவகம்.

ஒப்புமை எதன் அடிப்படையில் வருகிறது என்று கேட்டால், தொல்காப்பியம் வினை, பயன், மெய், உரு என்ற நான்கைச் சொல்கிறது. அதாவது செயல், விளைவு, வடிவம், நிறம். இந்த நான்கும் தேர்வுக்காக மட்டும் சொல்லப்பட்டவை அல்ல. ஓர் உதாரணம் பார்ப்போம்.

நம் ஆண்டவர் தம் சீடர்களை மண்ணுலகின் உப்பாக உருவகித்தார் (மத்தேயு 5:13). உப்பளங்களுக்கு நடுவே வாழும் நமக்கு உப்பைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. உப்பு குழம்புக்குச் சுவை தரும். மீனைக் கருவாடாக்கிக் கெடாமல் காக்கும். அதே உப்பு வயலில் ஏறினால் பயிர் கருகிவிடும். கைப்புண்ணில் பட்டால் எரியும். அப்படியானால் சீடர் எந்த வகையில் உப்பு? இங்குதான் பொதுத்தன்மை என்ற சொல் நமக்கு உதவுகிறது. உவமானத்தின் எல்லாத் தன்மைகளும் உவமேயத்துக்கு வந்துவிடாது. சொன்னவர் எதைக் கருதினார் என்பதை முன்பின் வரும் வாக்கியங்களைக் கொண்டு தேட வேண்டும். அந்த நற்செய்திப் பகுதி உப்பின் சுவையைப் பற்றிப் பேசுகிறது. எனவே பயன் என்ற அடிப்படையில் அமைந்த ஒப்புமை அது. நிறத்தையோ எரிச்சலையோ அதில் ஏற்றிப் பேசுவது நம் கற்பனையாகவே இருக்கும்.

முத்து வணிகர் உவமையையும் (மத்தேயு 13:45-46) இப்படித்தான் படிக்க வேண்டும். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். இடுப்பில் கயிறு கட்டிக் குளிப்பவர் கடலடிக்குப் போவார். மேலே தோணியில் அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பவர் பெரும்பாலும் அவருடைய மச்சானாக இருப்பார் என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள். தன் தங்கை தாலியறுக்கக் கூடாது என்று அவன் கயிற்றை விடமாட்டான் என்பது அவர்கள் சொல்லும் காரணம். உயிரைப் பணயம் வைத்து எடுத்தது முத்து. இதை அறிந்தவருக்கு, ஒரே ஒரு முத்துக்காக எல்லாவற்றையும் விற்ற வணிகரின் கதை தனிப் பொருளோடு ஒலிக்கும். கேட்பவரின் அனுபவத்தில் உவமானம் இருந்தால்தான் உவமை வேலை செய்யும்.

சொல்லாமல் சொல்வது

சில வேளைகளில் உவமேயத்தைச் சொல்லாமல் உவமானத்தை மட்டும் சொல்லி நிறுத்துவார்கள். கேட்பவரே உவமேயத்தைக் கண்டுகொள்ள வேண்டும். இதற்குப் பிறிது மொழிதல் அணி என்று பெயர். ஒட்டணி என்றும் சொல்வர்.

இதற்கு ஒரு சிறந்த சான்று விவிலியத்தில் உள்ளது. தாவீது அரசர் உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவையும் போர்க்களத்தில் சாகச் செய்தார். இறைவாக்கினர் நாத்தான் அரசரிடம் சென்று குற்றத்தை நேரடியாகச் சொல்லவில்லை. பல ஆடுகள் உடைய செல்வன் ஒருவன், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்து விருந்தாக்கிய கதையைச் சொன்னார். அரசர் கொதித்தெழுந்து அந்தச் செல்வனுக்குத் தண்டனை கூறினார். அந்த மனிதன் அரசரே என்று நாத்தான் சொன்னபோது, தாவீது தன் தீர்ப்பைத் தன் வாயாலேயே சொல்லி முடித்திருந்தார் (2 சாமுவேல் 12). நேராகச் சொல்லியிருந்தால் அரசர் காதுகொடுத்திருப்பாரா? அதிகாரத்தில் இருப்பவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. மறைத்துச் சொன்ன கதையே அதற்கு வழி திறந்தது.

சங்க இலக்கியத்தில் இதற்கு நெருங்கிய உறவுடையது உள்ளுறை உவமம். ஒவ்வொரு திணைக்கும் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்று உண்டு. நம்முடையது நெய்தல் திணை. கடலும் கடல் சார்ந்த இடமும், எற்பாடு என்ற பொழுதும் முதற்பொருள். புன்னை, தாழை, நாரை, மீன், உப்பு, பரதவர், உமணர் ஆகியோரும் ஆகியவையும் கருப்பொருள். இரங்கல், அதாவது வராதவரை நினைத்து வருந்துவது உரிப்பொருள். கடலுக்குப் போனவர் திரும்பும் வரை கரையைப் பார்த்து நிற்கும் பெண்கள் உள்ள ஊரில், நெய்தலுக்கு ஏன் இரங்கல் உரியது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

தலைவன் வந்து போகிறான், மணம் பேசாமல் காலம் கடத்துகிறான் என்று வைத்துக்கொள்வோம். தோழி அவனைப் பார்த்து, 'கழியில் இரை தின்ற நாரை புன்னைக் கிளையில் கவலையின்றித் தூங்கும் துறையை உடையவனே' என்று அழைத்தால், அது வெறும் இயற்கை வருணனை அல்ல. நாரை அவன்தான். கவலையற்ற தூக்கம் அவன் மனநிலை. நேரே ஏசினால் உறவு முறியும், சொல்லாமல் விட்டால் பெண்ணின் வாழ்வு கெடும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழியாக உள்ளுறை இருந்தது. கருப்பொருளுக்கு அப்பாலும் ஒரு குறிப்புப் பொருள் தோன்றினால் அதை இறைச்சி என்றார்கள்.

துயரம் பேசும் மொழி

இயல்பாக நடக்கும் ஒன்றின் மீது கவிஞர் தம் மனக்குறிப்பை ஏற்றிச் சொல்வது தற்குறிப்பேற்ற அணி. கோவலன் மதுரைக்குள் நுழையும்போது மதில் மேல் இருந்த கொடிகள் காற்றில் அசைந்தன. வரவேண்டாம் என்று கைகாட்டித் தடுப்பதுபோல் அவை அசைந்ததாக இளங்கோவடிகள் பாடினார். இதை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம்.

வீரமாமுனிவர் 1726-இல் இயற்றிய தேம்பாவணி, புனித சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டது. 3 காண்டங்கள், 36 படலங்கள், 3615 பாடல்கள். அதில் சூசையப்பருக்கு வளன் என்றும், திருமுழுக்கு யோவானுக்குக் கருணையன் என்றும் பெயர். கருணையன் காட்டில் தன் தாய் எலிசபெத்தை அடக்கம் செய்துவிட்டுத் தனியே அழும் பகுதி பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றது. அவன் அழுகையைக் கேட்டு மரங்களும் பறவைகளும் சேர்ந்து அழுதன என்கிறார் முனிவர். பறவை வழக்கம்போல் ஒலித்தது, பூ வழக்கம்போல் உதிர்ந்தது. ஆனால் தாயை இழந்த பிள்ளைக்கு உலகமே அழுவதாகத்தான் தோன்றும்.

ஓர் அணியின் பெயரை எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கும் மாணவர் இதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். பங்குத்தந்தை என்ற முறையில் பல துக்க வீடுகளில் நின்றிருக்கிறேன். பள்ளிக்கூடமே பார்த்திராத தாய்மார்கள் பாடும் ஒப்பாரியில் உவமை வருகிறது, உருவகம் வருகிறது, தற்குறிப்பேற்றம் வருகிறது. கணவர் விளக்காகிறார், வீடு இருண்ட கடலாகிறது, அலை தன்னோடு சேர்ந்து அழுவதாகிறது. அவர்கள் எந்த இலக்கணமும் கற்றதில்லை. நேரான சொற்களுக்குள் அடங்காத துயரம் வந்தபோது அணி தானாக வந்தது. எனவே முதலில் வந்தது அணி, அதற்குப் பெயர் பின்னால் வந்தது. மனிதரின் தேவையிலிருந்து பிறந்ததை வெறும் அலங்காரம் என்று எண்ணிவிடக் கூடாது.

மிகைப்படுத்திச் சொன்னால்...

ஒன்றை உலக நடப்பைக் கடந்து உயர்த்திச் சொல்வது உயர்வு நவிற்சி அணி. உள்ளதை உள்ளவாறே சொல்வது இயல்பு நவிற்சி அல்லது தன்மையணி. 'நூறு முறை சொல்லிவிட்டேன், கேட்டாயா?' என்று அம்மா திட்டும்போது மகன் எண்ணிக்கை கேட்பதில்லை. ஆனால் மறைநூலைத் திறந்தவுடன் இந்தப் பொது அறிவைச் சிலர் ஓரமாக வைத்துவிடுகிறார்கள்.

ஊசிக் காதில் ஒட்டகம் நுழைவது பற்றிய இயேசுவின் கூற்று (மத்தேயு 19:24) ஒரு தெளிவான உயர்வு நவிற்சி. எருசலேமில் 'ஊசிக் காது' என்ற சிறு வாயில் இருந்தது, ஒட்டகம் சுமையை இறக்கிவிட்டு மண்டியிட்டு நுழையும் என்று ஒரு விளக்கம் வெகுகாலமாகச் சொல்லப்படுகிறது. அப்படி ஒரு வாயில் இருந்ததற்குச் சான்று இல்லை. முடியவே முடியாத ஒன்றைச் சொல்லிச் செல்வத்தின் ஆபத்தை உணர்த்துகிறார் இயேசு. அதை முடியக்கூடிய ஒன்றாகச் சுருக்கினால் அந்தச் சொல்லின் கூர்மையே போய்விடும். மனிதரால் முடியாதது கடவுளால் முடியும் என்று அவர் அடுத்துச் சொல்வதற்கும் பொருளில்லாமல் போகும்.

இன்னொன்று இதைவிட முக்கியமானது. சீடராக விரும்புகிறவர் தந்தையையும் தாயையும் வெறுக்க வேண்டும் என்ற கருத்து லூக்கா 14:26-இல் வருகிறது. இந்த ஒரு வசனத்தைக் காட்டி இளைஞர்களைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கூட்டிச் செல்லும் குழுக்கள் உண்டு. வயதான தாய் மகனின் குரலைக் கேட்க ஏங்கிக்கொண்டிருக்க, மகனோ தான் இறைவார்த்தையைக் கடைப்பிடிப்பதாக எண்ணுகிறான். அந்த வசனம் எபிரேய மரபில் வந்த மிகைக்கூற்று. 'வெறுத்தல்' என்பது அங்கே 'குறைவாக அன்பு செய்தல்' என்ற பொருளில் நிற்கிறது. மத்தேயு 10:37 இதே கருத்தைச் சொல்லும்போது, பெற்றோரை என்னைவிட மிகுதியாக அன்பு செய்பவர் என்ற முறையில் அமைவதைக் காணலாம். பெற்றோரை மதிக்கும் கட்டளையைக் கைவிட்டவர்களை இயேசுவே கண்டித்தார் (மாற்கு 7:9-13). ஓர் அணியின் பெயர் தெரிந்திருந்தால் ஒரு குடும்பம் பிரியாமல் இருந்திருக்கும் என்று சொல்வது, இங்கே உயர்வு நவிற்சி அல்ல.

இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டில் (எண் 12), மறைநூல் ஆசிரியர்கள் கையாண்ட இலக்கிய வகைகளைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று வலியுறுத்துகிறது. வரலாறு ஒரு வகையில் பேசும், கவிதை இன்னொரு வகையில் பேசும், இறைவாக்கு வேறொரு வகையில் பேசும்.

சிரிப்புக்குள் இருக்கும் உண்மை

புகழ்வதுபோல் பழிப்பதும், பழிப்பதுபோல் புகழ்வதும் வஞ்சப்புகழ்ச்சி அணி. புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, தாம் அவர்களுக்குப் பணச் சுமையாக இருக்கவில்லையே, அந்த அநீதியை மன்னியுங்கள் என்ற கருத்தில் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 12:13). உண்மையாகவே மன்னிப்புக் கேட்கிறார் என்று படித்தால் பவுலின் நகைப்பும் வேதனையும் இரண்டும் நமக்குத் தப்பிவிடும்.

குறைகளைக் கேலியாக எடுத்துக்காட்டித் திருத்த முயல்வது அங்கதம். இந்தச் சொல் தொல்காப்பியத்திலேயே உள்ளது. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை தமிழ் உரைநடையில் எழுந்த அங்கதங்களுள் குறிப்பிடத்தக்கது. அறிவில்லாத குருவையும், கேள்வி கேட்காமல் பின்தொடரும் சீடர்களையும் பார்த்து நாம் சிரிக்கிறோம். சிரித்து முடித்ததும், கேள்வி கேட்காமல் நாம் யாரைப் பின்தொடர்கிறோம் என்ற எண்ணம் வந்தால் அங்கதம் தன் வேலையைச் செய்துவிட்டது.

காப்பிய நாடும் உண்மை நாடும்

தேம்பாவணியைப் படிக்கும் சிலர், யூதேயா நாட்டில் இவ்வளவு நீர்வளமும் வயல்வளமும் எங்கே என்று வியக்கிறார்கள். கம்பரின் கோசலம், உமறுப் புலவரின் அரபுநாடு, வீரமாமுனிவரின் யூதேயா ஆகிய மூன்றிலும் தமிழ்நாட்டு நிலக்காட்சியே விரிகிறது. பெருங்காப்பியத்தில் மலை, கடல், நாடு, நகர் ஆகியவற்றின் வருணனை இடம்பெற வேண்டும் என்பது மரபு. இதை அறிந்தவர் புவியியல் பிழை என்று சொல்லமாட்டார். இந்துவும் இசுலாமியரும் கிறித்தவரும் தத்தம் நம்பிக்கையை ஒரே தமிழ் மண்ணில் நடவு செய்தார்கள் என்று மகிழ்வார். நூலின் பெயரும் அப்படியே. தேம்பா அணி என்று பிரித்தால் வாடாத மாலை. தேன் பா அணி என்று பிரித்தால் தேன் போன்ற பாக்களால் ஆன மாலை. ஒரு சொல் அல்லது தொடர் இருபொருள் தருமாறு நிற்பது இரட்டுற மொழிதல், அதாவது சிலேடை.

இக்காலச் சொற்கள் சில

புதுக்கவிதையும் சிறுகதையும் படிப்போர்க்கு வேறு சில சொற்கள் தேவைப்படுகின்றன. கண்முன் காட்சியாக நிற்கும்படி சொல்வது படிமம். ஒரு பொருள் தன்னையும் குறித்துத் தன்னைக் கடந்த ஒன்றையும் குறித்தால் அது குறியீடு. புறா அமைதியைக் குறிப்பது இதற்கு எளிய சான்று. பழங்கதையைப் புதிய சூழலில் கையாள்வது தொன்மம். எதிர்பார்ப்புக்கு மாறாக நிகழ்வு அமைந்து உண்மையை வெளிக்காட்டுவது முரண்நகை. யாருடைய கண்வழியாகக் கதை சொல்லப்படுகிறது என்பது நோக்குநிலை.

நோக்குநிலைக்கு ஒரு பயிற்சி செய்து பார்க்கலாம். ஊதாரி மைந்தன் உவமையை (லூக்கா 15) மூத்த மகனின் பார்வையிலிருந்து வீட்டில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். வயலில் இருந்து களைத்து வருகிறான், இசை கேட்கிறது, யாரும் அவனுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அவன் கோபமும் நமக்குப் புரியத் தொடங்கும். தந்தை வெளியே வந்து அவனையும் கெஞ்சி அழைத்தார் என்பதும் அப்போதுதான் நம் கண்ணில் படும்.

எப்படிப் படிப்பது?

மாணவச் செல்வங்களே, அணியின் பெயரை முதலில் தேடாதீர்கள். ஒரு பாடலைப் படித்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதைச் சொல்பவர் யார், யாரிடம் சொல்கிறார்? இதை ஏன் நேராகச் சொல்லாமல் இப்படிச் சொன்னார்? நேராகச் சொல்லியிருந்தால் எது குறைந்துபோயிருக்கும்? மூன்றாவது கேள்விக்கு விடை கிடைத்தால் அணி உங்களுக்குப் புரிந்துவிட்டது. அதன் பிறகு பெயரைக் கற்றுக்கொண்டால் எளிதில் மறக்காது.

பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, மறைக்கல்வி ஆசிரியர்களே, வீட்டுத் திண்ணையிலும் உப்பளத்திலும் கடற்கரையிலும் பேசும் பேச்சிலிருந்தே சான்றுகளை எடுத்துக் கொடுங்கள். 'ஊரே திரண்டு வந்தது' என்று பாட்டி சொன்னால் அது இடவாகுபெயர், வந்தது ஊர் அல்ல, ஊர் மக்கள் என்று பேரனுக்குக் காட்டுங்கள்.

அடுத்தமுறை ஒருவர் நம்மிடம் கோபமாகவோ, கண்ணீரோடோ, கேலியாகவோ பேசும்போது அவருடைய சொற்களை மட்டும் பிடித்துக்கொள்ளாமல், அவர் சொல்ல வருவதைக் கேட்க முயல்வோம். இலக்கியம் கற்பதன் பயனும், மறைநூலைப் படிப்பதன் பயனும் அங்கே ஒன்றாகச் சேரும்.